பவித்ரா போட்ட பிறந்தநாள் வாழ்த்து

புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கும் உங்கள் கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை ஒன்று தனியாக இருக்கும். கைபேசியையும் இணையத்தையும் பொறுப்போடு பயன்படுத்தப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டிய வேளை. அதற்குத் தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. அதனால் மூத்தவர்கள் பக்குவமாக அதை உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள். என் தலையிலும் அப்படித்தான் கட்டினார்கள். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கும் அறிவியலும் எவ்வளவோ நடத்தியிருக்கிறேன். கால் புண் ஆறாமல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் இந்த நாட்களில் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது அந்த வெள்ளிக்கிழமை வேளைதான்.

செஞ்சியிலிருந்து வல்லம் போகும் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. நான்காம் வகுப்பு என்னுடையது. என் மகன் கவினும் அந்த வகுப்பில்தான் இருந்தான். வாத்தியார் பிள்ளையே இங்கே படிக்கிறானே என்று ஊரில் பெருமையாகப் பேசுவார்கள். "இங்கிலீஷ் மீடியத்துல போட்டா சம்பளம் கொறஞ்சிடுமா மாமா" என்று மச்சான் குமார் கிண்டல் செய்வான். கொள்கை எல்லாம் பிறகு சொல்லிக்கொண்ட காரணம். கல்யாணமாகி நெடுநாள் கழித்துப் பிறந்த பிள்ளை, கண்ணெதிரே இருக்க வேண்டும் என்ற பயம்தான் உண்மை. கோட்டைக்குக் கூட்டிப்போனால் ராஜகிரி மலையில் பாதிப் படி ஏறியதும் குரங்கைச் சாக்குச் சொல்லி இறக்கிவிடுவேன். அவனைவிடச் சின்னப் பிள்ளைகள் உச்சியில் நின்று கத்துவது கீழே கேட்கும்.

வெள்ளிக்கிழமைப் பாடத்துக்கு ஒரு கையேடு தந்தார்கள். அதில் இருந்ததெல்லாம் கூடாது, கூடாது, கூடாது. கடவுச்சொல்லைச் சொல்லக் கூடாது, முன்பின் தெரியாதவரோடு பேசக் கூடாது. நம் பிள்ளைகளுக்குச் சொந்தக் கணக்கு ஏது, கடவுச்சொல் ஏது? அப்பாவோ அம்மாவோ வேலை முடிந்து வந்து கைபேசியைக் கீழே வைக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர்களுடையது. அந்த நேரத்தில் ஸ்டேட்டஸ் பார்ப்பார்கள், குரல் பதிவு அனுப்புவார்கள், வந்ததை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார்கள். ஆகவே நான் கையேட்டை ஓரமாக வைத்துவிட்டுப் பாராட்டிலிருந்து தொடங்கினேன். நல்லதைப் பார்த்தால் நல்லது என்று சொல்லத் தெரிய வேண்டும். 'சூப்பர்' என்று போட்டால் போதாது, எது சூப்பர் என்று சொல்ல வேண்டும்.

யாரோ ஒரு இளைஞர் நம் கோட்டையில் ஏறி எடுத்த காணொளியை வகுப்பில் போட்டுக் காட்டினேன். என் கணக்கிலிருந்து ஒரு கருத்து எழுதலாம், என்ன எழுதலாம் என்று கேட்டேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி சொன்னாள்: "அண்ணா, உங்களுக்கு ரொம்ப மூச்சு வாங்குச்சு. ஆனாலும் உக்காராம மேல போனீங்க. நீங்க வெள்ளரிக்கா வாங்குனது எங்க சித்திகிட்ட. அவங்க பேர கேட்டு நன்றின்னு சொன்னீங்க இல்ல, அது நல்லா இருந்துச்சு." அப்படியே எழுதினேன். அந்த இளைஞர் இரண்டு நாள் கழித்து, இவ்வளவு கவனமாக என் காணொளியை யாரும் பார்த்ததில்லை என்று பதில் போட்டிருந்தார். வகுப்பே எழுந்து நின்று கை தட்டியது.

அந்தப் பெண் பெயர் பவித்ரா.

இரண்டாவது பாடம், கேட்டுவிட்டுப் போடுவது. ஒருவருடைய படத்தைப் போடுமுன் அவரிடம் 'போடட்டுமா' என்று கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். இது பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஆட்டுக்குட்டியைப் படம் எடுத்துவிட்டு அதன் காதருகே போய் "போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, "தலையாட்டிச்சு சார்" என்பார்கள். பெற்றோர்களுக்கென்று வகுப்புக் குழு ஒன்று இருந்தது. அதில் வரும் படங்களுக்குக் கீழே 'கேட்டுட்டோம்' என்று ஒரு குறிப்பும் வரத் தொடங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றியக் கூட்டத்தில் நம் பள்ளியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். போய்ப் பேசிவிட்டும் வந்தேன்.

கவினுடைய பிறந்தநாள் ஒரு சனிக்கிழமை வந்தது. காலையிலேயே குமார் வந்து, பனமலைக் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறோம் என்று அவனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டான். ஹெல்மெட், மெதுவாக, லாரி வந்தால் ஒதுங்கு என்று நான் சொன்னதை எல்லாம் வண்டி கிளம்பிய பிறகும் சொல்லிக்கொண்டே நின்றேன். என் மனைவி மல்லிகா பாயசத்துக்கு அடுப்பு மூட்டினாள். நான் கேக் வாங்கச் செஞ்சி கடைத்தெருவுக்குப் போனேன்.

பேக்கரிக்காரர் கேக்கின் மேல் கிரீமால் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். 'க' முடிந்து 'வி'க்கு வளைவு போடுகிறார். என் கைபேசி ஒலித்தது. வகுப்புக் குழுவில் ஒரு படம்.

எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் அன்றைக்கே பேருந்து நிறுத்தத்தில் ஃபிளக்ஸ் கட்டிவிடுவார்கள். நடுவில் படம், சுற்றி ரோஜா மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே பெரிதாகக் கண்ணீர் அஞ்சலி, கீழே தோற்றம், மறைவு. அதே மாதிரியில், மாலைக்கு நடுவில் என் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தான். பள்ளிச் சீருடையில், மேல் பொத்தான் போடாமல்.

அவன் பைக்கில் போய் எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதுதான் எனக்குத் தோன்றியது. வேறு ஒன்றும் தோன்றவில்லை. குமாரை அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மறுபடியும். கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் எப்போது தரையில் உட்கார்ந்தேன் என்று தெரியாது. பேக்கரிக்காரர் வெளியே வந்து என் கையிலிருந்து கைபேசியை வாங்கிப் பார்த்தார். படத்தை விரலால் பெரிதாக்கினார்.

"சார், இதுல தேதி போடலியே."

"இன்னா?"

"மறைவுன்னு இருக்குது பாருங்க, அதுல ஒண்ணுமே இல்ல. பொறந்த தேதி மட்டும் இருக்குது. அது வேற இன்னிக்குதான். செத்தவங்களுக்கு இப்டி அடிக்க மாட்டாங்க சார். மொத இத குடிங்க."

அவர் சொன்னது காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. தண்ணீரும் அப்படித்தான். சட்டையெல்லாம் நனைந்தது. அப்போது குமார் அழைத்தான்.

"இன்னா மாமா, இத்தினி மிஸ்டு கால்? வண்டி ஓட்டும்போது எடுக்காதன்னு நீதான சொன்ன."

"கவின் எங்கடா?"

"தோ, ஏரியில கல்லு வுட்டுகினு இருக்கான். இன்னாச்சு?"

"அவன்கிட்ட குடு."

கைபேசி கை மாறும் சத்தம். பிறகு என் பிள்ளையின் குரல்: "அப்பா, சாக்லெட் கேக்குதான சொன்ன?"

பேக்கரிக்காரர்தான் கைபேசியை வாங்கி, "சாக்லெட்டுதான் கண்ணு. பேரு எழுதினு இருக்கன்" என்றார்.

வீட்டுக்குப் போனால் வாசலில் கூட்டம். அந்தப் படம் என்னை முந்திக்கொண்டு போயிருந்தது. அண்டை வீட்டுப் பெண்கள் சுவரோரம் நின்றார்கள். மல்லிகா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பாயசம் தீய்ந்து வாடை அடித்தது. "ஒண்ணும் இல்ல மல்லிகா, நல்லா இருக்கான், இப்பதான் பேசுனன்" என்றேன். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். வீடியோ அழைப்பில் அவன் முகத்தைக் காட்டினேன். அதையும் அவள் நம்பவில்லை. பைக் வந்து நின்று, அவன் இறங்கி, அவள் அவனுடைய கை, கால், தலை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

தொண்டூரிலிருந்து அவளுடைய சொந்தக்காரர்கள் ஒரு ஆட்டோ நிறைய வந்து இறங்கினார்கள். பெரியப்பா முறையுள்ள ஒருவர் கையில் மாலை. கவின் உயிரோடு வாசலில் நிற்பதைப் பார்த்ததும் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"எனக்கா பெரிப்பா?" என்றான் கவின்.

 

அந்தப் படம் வந்தது பவித்ரா அம்மாவின் எண்ணிலிருந்து. பவித்ராவின் அப்பா கொத்தனார். முந்தைய ஆண்டு கட்டட வேலையில் சாரம் சரிந்து இறந்துபோனார். அம்மா தேவகிக்குச் செஞ்சியில் துணிக்கடையில் வேலை. கடைக்குள் கைபேசி வைத்திருக்க விடமாட்டார்கள், அதனால் சனிக்கிழமைகளில் அது வீட்டில் பிள்ளையிடம் இருக்கும். திட்ட வந்த அழைப்புகளைத் தாங்காமல் அந்தப் பெண் அதை அணைத்துப் போட்டுவிட்டாள். குழுவிலோ நெருப்பு. விளையாட்டுக்கு ஒரு அளவில்லையா என்றார்கள். வாத்தியார் பிள்ளைக்கே இந்தக் கதி என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன என்றார்கள். அப்பன் போன வீட்டுப் பிள்ளை, வயிற்றெரிச்சல் என்றுகூட ஒரு குரல் பதிவு வந்தது. திங்கட்கிழமை எல்லாரும் பள்ளிக்கு வந்து அவளுக்கு டி.சி. கொடுக்கச் சொல்வது என்று முடிவானது.

"அவ அந்த க்ளாஸ்ல இருந்தா எம்புள்ள இருக்க மாட்டான். அவ்ளோதான்" என்றாள் மல்லிகா. சொல்லிவிட்டுக் குழுவிலிருந்தும் வெளியேறினாள். என்னிடமும் மறுப்பு இல்லை. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மதியம் நான் ஆசிரியனாக இல்லை. அந்தப் பெண்ணின் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் தேவகி அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். துணிக்கடைச் சீருடைப் புடவைகூட மாற்றவில்லை. பிள்ளையின் கன்னத்தில் விரல் தடம். வாசலோடு நின்று, "உள்ள வர்ற மூஞ்சி இல்ல சார்" என்றாள். "சார் கால்ல வுழுடி" என்று பிள்ளையின் தோளை அழுத்தினாள். மல்லிகா கவினை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

விழ வந்தவளைத் தடுத்தேன். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். ஆனால் வெளியே வந்தது வகுப்பில் பழகிப்போன கேள்வி. பிள்ளைகள் எதைப் போட்டாலும் நான் முதலில் கேட்பது: "இதுல நீ இன்னா சொல்ல வந்த?"

அவள் விசும்பிக்கொண்டே சொன்னாள். "பர்த்டே வாழ்த்து சார்."

"இதுவா வாழ்த்து?"

"போன்ல கார்டு செய்யற ஆப்புல பலூன் போட்டது இருந்துச்சு சார். எல்லாரும் அதான் போடறாங்க. அதுல பேரு மட்டும்தான் போட முடியும். பொறந்த தேதி போட எடமே இல்ல. இதுல இருந்துச்சு. நல்லதா எழுதவும் கீழ பெரிய எடம் இருந்துச்சு."

"மேல இருக்கறத படிக்கலியா நீ?"

"படிச்சன் சார். மாத்தலான்னு பாத்தன். காசு கட்டுனாதான் மாத்த முடியும்னு வந்துச்சு." சாத்திய கதவைப் பார்த்தாள். "கவின்தான் இருக்கானே சார். எல்லாருக்கும்தான் தெரியுமே."

தேவகி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன்டி, சாவுக்குப் போடறதுடி அது. உன் நைனாவுக்குப் போட்டது தெரியாதா உனக்கு?"

"நைனாவுக்குப் போட்டதுனாலதாம்மா போட்டன்" என்றாள் பவித்ரா. "அது கட்டுனப்பதான் எல்லாரும் வந்தாங்க. நைனா நல்லவரு, கை சுத்தம், அவரு மாதிரி சுவரு யாரும் கட்ட முடியாதுன்னு சொன்னாங்க. அதுக்கு முன்னாடி நம்ம நைனாவ யாருமே அப்டி சொன்னதில்ல."

தேவகி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள்.

கதவு திறந்தது. அம்மாவின் பிடியிலிருந்து நழுவி கவின் வந்து நின்றான். "அப்பா, அவ எங்கிட்ட கேட்டுட்டுதான் போட்டா. நேத்து ஸ்கூல்ல, ஒரு வாழ்த்து போடட்டுமான்னு கேட்டா. நான்தான் சரின்னு சொன்னன். போட்டோ கூட நான் சொன்னதுதான்."

நான் கற்றுக்கொடுத்த இரண்டையும் அவள் செய்திருந்தாள். ஒன்றுகூட விடவில்லை.

"கீழ எழுதியிருக்கறத படிச்சீங்களா சார்?" என்று கேட்டாள். காலையிலிருந்து அந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்திருந்தேன். மாலையைப் பார்த்தேன், விளக்கைப் பார்த்தேன், கவினைப் பார்த்தேன். அதற்குக் கீழே என் கண் போகவே இல்லை. இப்போது பெரிதாக்கிப் படித்தேன். சின்ன எழுத்தில் இருந்தது: 'எங்க நைனா செத்து நான் திரும்ப ஸ்கூலுக்கு வந்தப்ப எல்லாரும் எப்படி செத்தாருன்னு கேட்டாங்க. கவின் கேக்கல. பக்கத்துல உக்காந்து அவன் பென்சிலையும் என் பென்சிலையும் சீவினான்.'

என் பிள்ளை இப்படி ஒன்று செய்தான் என்று எனக்குத் தெரியாது. அதே வகுப்பறையில் கரும்பலகைக்குப் பக்கத்தில்தான் நான் நின்றிருப்பேன்.

அவர்கள் போன பிறகு மல்லிகாவிடம் கைபேசியைக் கொண்டுபோனேன். "அந்தப் படத்த என் கண்ணுல காட்டாதீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படித்துக் காட்டுகிறேன் என்றேன். "வேணாம். கேட்டா அந்த மாலைதான் தெரியும் எனக்கு." அவளைக் குறை சொல்ல முடியவில்லை. எனக்கும் கண்ணை மூடினால் மாலைதான் தெரிந்தது. இன்றைக்கும் கைபேசி ஒலித்தால் முதலில் கவின் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் திரையைப் பார்க்கிறேன். அவன் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டான். என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டான். இருந்தும் பழக்கம் போகவில்லை.

திங்கட்கிழமை தலைமையாசிரியை அறையில் நிற்க இடமில்லை. அவர் நல்லவர், ஆனால் சண்டை என்றால் அவருக்கு வியர்க்கும். "சார், நீங்களே ஒரு முடிவு சொல்லிடுங்க. உங்க புள்ளையாச்சே" என்று என் பக்கம் தள்ளினார். மல்லிகாவும் வந்திருந்தாள், கதவோரம். தேவகி கையில் ஒரு விண்ணப்பத்தோடு நின்றாள். "நானே எங்க அம்மா ஊருல சேத்துடறன் மேடம். டி.சி. குடுத்துருங்க" என்றாள். பவித்ரா அவள் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மளிகைக்கடை சண்முகம் எல்லாருக்குமாகப் பேசினார். "வாத்தியாரே, உங்க எரக்க சுபாவம் தெரியும். ஆனா இத வுட்டா நாளைக்கு எவன் புள்ளைக்கு மால வுழும்னு தெரியாது. எங்க வூட்டுல எம்மா டென்ஷன் தெரியுமா அன்னிக்கு?"

"உங்களுக்கு எப்டி தெரிஞ்சுது சண்முகம்?" என்றேன்.

"குரூப்புலதான்."

"பாத்துட்டு இன்னா பண்ணீங்க?"

"இன்னா பண்றது... பதறிப்போயி நாலு பேருக்குச் சொன்னன்."

"சொன்னீங்களா, அனுப்புனீங்களா?"

சன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சண்முகத்தின் மகள் பதில் சொன்னாள். "அனுப்புனாரு சார். நான் மொத கவின் அப்பாவுக்கு போன் போட்டு கேளு நைனான்னு சொன்னன். நீ சும்மா இருன்னாரு."

"ஏய், க்ளாஸுக்குப் போ" என்றார் அவர். சிரிக்கக் கூடாத இடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் யாரையும் மடக்க நினைக்கவில்லை. தொண்டூருக்கு அந்தப் படம் எப்படிப் போனது என்றுதான் தெரிந்துகொள்ள நினைத்தேன். கேட்டேன். வரிசையாகத் தலைகள் குனிந்தன. ஒருவர்கூட என்னை அழைக்கவில்லை. அழைத்துக் கேட்கத் தைரியம் இல்லை சார் என்றார் ஒருவர். அதுவும் உண்மைதான். பிரியத்தால்தான் அனுப்பினார்கள். ஆட்டோ பிடித்து மாலையோடு வந்தவர்கள் எல்லாரும் பிரியத்தால் வந்தவர்கள். அந்த அறையில் கெட்ட எண்ணத்தோடு அந்தப் படத்தைத் தொட்டவர் ஒருவர்கூட இல்லை, அதைப் போட்ட பிள்ளை உட்பட.

"பவித்ரா" என்றேன், "நீ கீழ எழுதுனத எல்லாருக்கும் சொல்றியா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு மல்லிகாவைப் பார்த்தாள். யாருக்கும் கேட்காத குரலில் தொடங்கினாள். பென்சில் சீவினதை அழுதுகொண்டேதான் சொல்லி முடித்தாள்.

மல்லிகா கதவை விட்டு முன்னால் வந்தாள். நான் பயந்தேன், அவள் என்ன சொல்வாள் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. தேவகி கையிலிருந்த விண்ணப்பத்தை வாங்கிப் படித்தாள். மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஒரு அம்மாகாரி வயித்துல நெருப்ப போட்டுட்டடி நீ" என்றாள் பவித்ராவிடம். "இப்பவும் அடங்கல எனக்கு. சீக்கிரத்துல அடங்காது." பிறகு தேவகியிடம்: "மணி அடிச்சி எம்மா நேரமாவுது. பாடம் போவுது பாரு. புள்ளைய அனுப்பு."

"அக்கா..." என்றாள் தேவகி.

"கன்னத்துல இன்னாத்துக்கு அப்டி அடிச்ச?" என்றாள் மல்லிகா.

பவித்ரா வகுப்புக்குப் போனாள். வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை என்ன நடத்தினேன் என்று நீங்கள் கேட்பீர்கள். பாராட்டை விடவில்லை. அனுமதி கேட்பதையும் விடவில்லை. கூட ஒன்று சேர்த்தேன்: இதை யார் யார் பார்ப்பார்கள், பார்க்கும்போது அவர்கள் எங்கே இருப்பார்கள் என்று அனுப்புமுன் கண்ணை மூடி யோசிப்பது. கவினிடம் கேட்டது சரி, ஆனால் அடுப்படியில் இருந்த கவின் அம்மாவை யாரும் நினைக்கவில்லை. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "எங்க மாமா லாரி ஓட்டிகினு இருப்பாரு சார்." "எங்க அண்ணி ஆஸ்பத்திரியில இருப்பாங்க." ஒரு படம் போய் நிற்கிற இடம் எவ்வளவு பெரியது என்று நான் படம் வரைந்து விளக்கியிருந்தால்கூட அவர்களுக்கு அப்படிப் புரிந்திருக்காது.

இன்னொரு வீட்டுப்பாடமும் கொடுத்தேன். வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம், அவர் செய்த நல்லது ஒன்றை நேரில் சொல்லிவிட்டு வர வேண்டும். பாதிப் பிள்ளைகளுக்கு "இப்ப இன்னாத்துக்கு ஐஸ் வெக்கிற?" என்றுதான் பதில் கிடைத்தது. ஒரு அப்பா, "இன்னா வேணும், சொல்லித் தொல" என்று சட்டைப்பையைத் தடவினாராம். சண்முகத்தின் மகள் மட்டும், "நைனா திரும்பி மூட்டைய அடுக்க ஆரம்பிச்சிட்டாரு. அடுக்குன மூட்டையவே திரும்ப அடுக்குனாரு" என்றாள்.

அன்புள்ள தம்பி தங்கைகளே, உங்கள் வகுப்பிலும் ஒருநாள் ஒரு படம் வந்து விழும். அது எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். உங்களுக்குப் பதற்றமாக இருக்கும். அந்தப் பதற்றத்தோடு எந்த முடிவும் எடுக்காதீர்கள். போட்ட பிள்ளையிடம் 'ஏன் போட்டாய்' என்று கேட்டால் அழுகைதான் பதிலாக வரும். 'என்ன சொல்ல வந்தாய்' என்று கேளுங்கள். பல நேரம் கெட்டதாகவே ஒன்று இருக்கும், அப்போது கண்டியுங்கள். ஆனால் கேட்ட பிறகு. அன்றைக்கு வாசலில் நான் கத்தியிருந்தால் ஒரு பிள்ளை இன்னொருத்தரை நல்லவிதமாகச் சொல்வதையே வாழ்நாளுக்கும் விட்டிருக்கும். எனக்கு என் மகனைப் பற்றி ஒன்று தெரியாமலே போயிருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் மல்லிகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அத எடுங்க" என்றாள். எடுத்தேன். முதல் தடவையாக முழுப் படத்தையும் பார்த்தாள். மறைவு என்ற சொல்லுக்கு எதிரில் இருந்த வெற்றிடத்தில் விரலை வைத்தாள். பிறகு கேட்டாள்: "கீழ எழுதியிருக்கறத மட்டும் வெட்டி எனக்குத் தர முடியுமா?"

வெட்டிக் கொடுத்தேன். மற்றதை என் கைபேசியிலிருந்து அழித்தேன். அந்தச் சின்னத் துண்டு இப்போதும் அவளிடம் இருக்கிறது. இன்று வரை அவள் அதை யாருக்கும் அனுப்பியதில்லை.